பேருந்துக் காயத்துக்கு இழப்பீடு: நிலைத்த தொகையா, தீர்ப்பாயமா, மக்கள் நீதிமன்றமா?

கடலூரில் பேருந்து ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர், ரெட்டிச்சாவடியைத் தாண்டிய சிறிது நேரத்தில் முள்ளோடையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்துவிடுகிறார். பயணச்சீட்டு ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான். ஆனால் எல்லைக்கு அப்பால் அடிபட்டால் வழக்குப் பதியும் காவல் நிலையம் வேறு, அந்த வழக்கு போகும் நீதிமன்றமும் வேறு. என் அக்கா இந்தச் சாலையில்தான் அடிபட்டார். கன்னியக்கோயில் அருகே தனியார் பேருந்து ஒன்றின் ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தபோது, இறங்குவதற்காக எழுந்து நின்றிருந்த அவர் முன்னால் போய் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவருக்கு வயது 43. மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் ஏறக்குறைய 12,000 ரூபாய் சம்பாதித்து வந்தவர். ஜிப்மரில் அறுவைச் சிகிச்சை முடிந்து கையில் தகடு வைத்து வீடு திரும்பிய பிறகுதான், இழப்பீடு கேட்க ஒரு வழியல்ல, பல வழிகள் இருக்கின்றன என்பதும், அவற்றுள் சில வழிகள் ஒன்றை ஒன்று அடைத்துவிடக்கூடியவை என்பதும் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வந்து நிற்பது சட்டத்தில் இல்லாத வழி. மருத்துவமனை வாசலிலேயே நடத்துநர், "அக்கா, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க ஓனர் பார்த்துக்குவாரு, கேஸெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் இந்த வழியை எவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உரிமையாளர் கொடுக்கும் பணம் அன்றைய செலவுக்கு மட்டுமே போதும். எலும்பு கூடிய பிறகும் விரல்கள் மடங்காமல் போனால், அல்லது ஓராண்டு கழித்துத் தகட்டை எடுக்க இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அப்போது கேட்பதற்குக் கையில் எந்த ஆவணமும் இருக்காது. முதல் தகவல் அறிக்கையும், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலும் இல்லாமல், அந்தப் பேருந்தில்தான் அடிபட்டோம் என்பதை மெய்ப்பிப்பதே பெரும்பாடாகிவிடும். பேருந்து விபத்தென்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, பேருந்தின் பதிவெண்ணையும் சொல்லி, பதிவேட்டில் எழுதச் செய்வதும், பயணச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலைகள்.

சிகிச்சைச் செலவுக்கு உரிமையாளரின் கையை எதிர்பார்க்க வேண்டிய கட்டாயமும் இப்போது குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்கு உள்ளாகிறவர்களுக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கிடைக்கிறது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் திட்டம், ஏழு நாட்கள் வரை, 1,50,000 ரூபாய் வரம்புக்குள் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. மருத்துவமனைச் செலவைப் பற்றிய அச்சத்தில் சமரசத்துக்கு ஒப்புக்கொள்கிறவர்கள் இவற்றை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சட்டத்தின் வழிகளுக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தங்களில் இழப்பீடு தொடர்பானவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றுள் 164-ஆவது பிரிவு, தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே ஒரு நிலைத்த தொகையைத் தருகிறது: உயிரிழப்புக்கு 5,00,000 ரூபாய், கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். காப்பீட்டு நிறுவனம் இதற்கென்று நியமித்துள்ள அதிகாரி தாமாகவே ஒரு தொகையை முன்வைக்க வேண்டும் என்றும், அடிபட்டவர் அதை ஏற்று, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்துவிட்டால் அதிலிருந்து 30 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட வேண்டும் என்றும் 149-ஆவது பிரிவு சொல்கிறது. வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த வேகம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அக்காவுக்கும் இந்த 2,50,000 ரூபாயைத் தருவதாகக் கடிதம் வந்தது. அன்று வீட்டில் எல்லோரும் அதை வாங்கிக்கொள்ளத்தான் சொன்னோம்.

ஆனால், 164-இன் கீழ் தொகையை 149-ஆவது பிரிவின் முறைப்படி ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும் என்று 166-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. பழைய சட்டத்தில் 140-ஆவது பிரிவின் கீழ் கிடைத்த சிறு தொகை ஓர் இடைக்கால உதவி மட்டுமே. அதை வாங்கிக்கொண்டு முழு இழப்பீட்டுக்கும் வழக்கு நடத்தலாம். அந்த நினைவில், "இதை முதலில் வாங்கிக்கொள், மீதியைப் பிறகு கேட்கலாம்" என்று இன்றும் அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அறிவுரை இப்போது பொருந்தாது. இந்த 2,50,000 ரூபாய் முன்பணம் அல்ல, முடிவான கணக்கு.

அப்படியானால் 166-ஆவது பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் என்ன கிடைக்கும்? அங்கே ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். பேருந்துக்குள் இருந்த பயணிக்கு இது அவ்வளவு கடினமல்ல. இரண்டு வாகனங்கள் மோதிய விபத்தாக இருந்தாலும், இரண்டு ஓட்டுநர்களில் யார் எவ்வளவு தவறு செய்தார்கள் என்ற சண்டை பயணியைப் பாதிக்காது, அவர் முழுத் தொகையையும் ஒருவரிடமிருந்தே கேட்கலாம். படிக்கட்டில் நின்று பயணம் செய்தவருக்கும், ஓடும் பேருந்திலிருந்து இறங்கியவருக்கும்தான் சிக்கல். விபத்தில் அவர்களுடைய தவறின் பங்கு இவ்வளவு என்று ஒரு விழுக்காட்டைத் தீர்ப்பாயம் கழித்துவிடக்கூடும்.

தொகையைக் கணக்கிடும் முறை, 2009-இல் உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் வகுத்த பெருக்கெண் அட்டவணையிலிருந்து வருகிறது; ஆண்டு வருமானத்தை எந்த வயதுக்கு எத்தனையால் பெருக்குவது என்பதுதான் பெருக்கெண். 26 முதல் 30 வயது வரை 17, 41 முதல் 45 வரை 14, 56 முதல் 60 வரை 9 என்று வயது கூடக்கூடப் பெருக்கெண் குறையும். வருங்கால வருமான உயர்வுக்காக, சுயதொழில் செய்பவர் 40 முதல் 50 வயதுக்குள் இருந்தால் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்பது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. அக்காவின் கணக்கை நாங்கள் ஒரு தாளில் போட்டோம். மாதம் 12,000, அதோடு 25 விழுக்காடு சேர்த்தால் 15,000; ஆண்டுக்கு 1,80,000; அதை 14-ஆல் பெருக்கினால் 25,20,000. இதில் எத்தனை விழுக்காடு வருமானத் திறன் போய்விட்டதோ அந்தப் பங்குதான் இழப்பீடு. 20 விழுக்காடு என்றால் 5,04,000. 10 விழுக்காடு என்றால் 2,52,000. இவற்றுக்கு மேல் மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை, வேலை செய்யாத மாதங்களின் வருமானம், உதவிக்கு ஆள் வைத்த செலவு ஆகியவை தனித்தனியே சேரும்.

அந்தத் தாளில் இருந்த 2,52,000 என்ற எண்தான் எங்கள் மனத்தை மாற்றியது. காப்பீட்டு நிறுவனம் தர முன்வந்த தொகை, அக்கா தம் தொழில் திறனில் பத்தில் ஒரு பங்கை மட்டும் இழந்திருந்தால் சரியாக இருக்கும். கத்தரிக்கோலைப் பிடித்து முழுத் துணியை வெட்ட முடியாத ஒருவர் பத்தில் ஒரு பங்கைத்தான் இழந்திருக்கிறார் என்று எப்படி ஒப்புக்கொள்வது? அவரவர் வயதையும் வருமானத்தையும் வைத்து இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, நிலைத்த தொகை தமக்கு நல்லதா இல்லையா என்று தெரிந்துவிடும். 68 வயதுப் பெரியவருக்குப் பெருக்கெண் 5 மட்டுமே. அவருக்கு எலும்பு முறிந்து நன்றாகக் கூடிவிட்டது என்றால், 164-இன் 2,50,000 ரூபாய் தீர்ப்பாயம் தருவதைவிட அதிகமாகவே இருக்கக்கூடும், அவர் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். 28 வயதுக் கொத்தனாருக்கு முழங்கால் மடங்காமல் போயிருந்தால், அதே தொகை அவருக்குப் பெரிய இழப்பு.

விழுக்காட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். மருத்துவக் குழு தரும் சான்றிதழில் உள்ள விழுக்காடு உடலுறுப்பின் குறைபாட்டைச் சொல்கிறது. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது அந்தக் குறைபாடு சம்பாதிக்கும் திறனை எவ்வளவு குறைத்தது என்பதை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. கையின் 40 விழுக்காட்டுக் குறைபாடு முழு உடலுக்கு அதைவிடக் குறைவாகவே கணக்காகும். ஆனால் கையை நம்பியே தொழில் செய்கிறவருக்கு வருமான இழப்பு அந்த எண்ணைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஆகவே என்ன தொழில், அதில் எந்தக் கை என்ன வேலை செய்கிறது என்பதைச் சாட்சியத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வருமானத்தை எப்படிக் காட்டுவது என்று கவலைப்படுகிறார்கள். அக்காவிடம் அளவு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பல ஆண்டுகளுக்கு இருந்தன, கைபேசி வழியாக வந்த பணத்தின் வங்கிக் கணக்கும் இருந்தது. இவை எதுவும் இல்லாவிட்டால் தீர்ப்பாயமே உத்தேசமாக ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும்; அது பெரும்பாலும் உண்மை வருமானத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

தீர்ப்பாய வழியின் குறை காலம். ஆண்டுகள் ஓடும். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டி சேரும் என்பது ஓரளவு ஈடு, 7.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 5,04,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 37,800 ரூபாய் வருகிறது. இருந்தாலும், தீர்ப்புக்குப் பிறகு எதிர்த்தரப்பு 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். கடலூர் வழக்கானாலும் புதுச்சேரி வழக்கானாலும் அது சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும்.

இங்கே இரண்டு கெடுக்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுகின்றன. நிரந்தரக் குறைபாடு எவ்வளவு என்பது எலும்பு கூடி, பயிற்சிச் சிகிச்சையும் முடிந்து, பல மாதங்கள் கழிந்த பிறகே தெரியும். ஆனால் 166-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்யச் சொல்கிறது. இந்த வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது; அதை நம்பி ஒரு நாளும் காலம் கடத்தக் கூடாது. செய்ய வேண்டியது எளிது: காயம் முழுதும் ஆறும்வரை காத்திராமல், கையில் உள்ள ஆவணங்களோடு ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட்டு, குறைபாட்டுச் சான்றிதழை விசாரணையின்போது கொடுக்கலாம். காவல்துறை தன் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு மூன்று மாதங்களுக்குள் அனுப்ப வேண்டும், அதையே தீர்ப்பாயம் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், அந்த அறிக்கையை மட்டும் நம்பியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தீர்ப்பாயத்தில் மனு நிலுவையில் இருக்கும்வரை நிலைத்த தொகை, இரு தரப்பும் பேசி உடன்பாட்டுக்கு வரும் மக்கள் நீதிமன்றம் ஆகிய மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன. மற்ற வழிகளில் முதலில் நுழைந்தவருக்கு இந்த வசதி கிடையாது.

எந்த ஊர்த் தீர்ப்பாயம் என்பதும் ஒரு தேர்வுதான். விபத்து நடந்த இடம், அடிபட்டவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகிய எதிலும் மனு போடலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. புதுச்சேரி எல்லைக்குள் அடிபட்ட அக்காவுக்கு, கடலூர்ச் சாலையில் உள்ள புதுச்சேரி நீதிமன்றமும் திறந்திருந்தது, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய கடலூர் நீதிமன்றமும் திறந்திருந்தது. காவல்துறை ஆவணங்களும் மருத்துவரும் புதுச்சேரியில் இருப்பதால் அங்கேயே போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பல ஆண்டுகள் வாய்தாவுக்குப் போய்வர வேண்டியவர் அடிபட்டவர்தான் என்பதால், நாங்கள் கடலூரைத் தேர்ந்தெடுத்தோம். காவல்துறையின் அறிக்கை புதுச்சேரித் தீர்ப்பாயத்தில் தனி மனுவாக ஓடாதபடி, கடலூரில் மனு போட்டிருப்பதை விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்துக்கொண்டோம்.

அடிபட்டது அரசுப் பேருந்தில் என்றால் கணக்கில் ஒரு மாற்றம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேருந்துகளுக்குத் தனியார் பேருந்துகளைப் போலக் காப்பீட்டு நிறுவனம் பின்னால் நிற்பதில்லை. சட்டம் தரும் விலக்கின்படி கழகமே இழப்பீட்டைச் செலுத்துகிறது. எனவே உரிமம், தகுதிச் சான்று, பாலிசி நிபந்தனை என்று காப்பீட்டு நிறுவனங்கள் எழுப்பும் வாதங்கள் இங்கே குறுக்கே வருவதில்லை. சிக்கல் தீர்ப்புக்குப் பிறகுதான். தீர்ப்பாயம் சொன்ன தொகை வராமல், நிறைவேற்று மனு போட்டு, நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே போய் அரசுப் பேருந்தை ஜப்தி செய்த செய்திகளைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவரும் பலமுறை படித்திருப்பார். கண்ணில்லாமல், காலில்லாமல் ஆனவர்கள் தமக்கு விதிக்கப்பட்ட பணத்துக்காக ஒரு பேருந்தைச் சிறைப்பிடிக்க வேண்டியிருப்பது வேதனையானது, மாற வேண்டியது. ஆகவே அரசுப் பேருந்து வழக்குகளில், சற்றுக் குறைந்த தொகையானாலும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வதை நான் கூடுதலாகப் பரிந்துரைப்பேன்.

மக்கள் நீதிமன்றம் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் நடப்பது. நிலுவையில் உள்ள வழக்கை அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். தேசிய அளவில் ஆண்டுக்கு நான்கு முறை ஒரே நாளில் நாடெங்கும் நடத்துகிறார்கள். அங்கே எட்டும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் முறையீடு கிடையாது. இது இரண்டு பக்கமும் வெட்டும்: எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தடிக்க முடியாது, நாமும் "குறைவாக ஒப்புக்கொண்டுவிட்டேனே" என்று பிறகு திரும்ப முடியாது. உடன்பாடு எட்டவில்லை என்றால் வழக்கு விட்ட இடத்திலிருந்தே தீர்ப்பாயத்தில் தொடரும். மறுத்ததற்காக எந்த இழப்பும் இல்லை. இதைத் தெரியாமல், பெரிய அதிகாரிகள் முன் மறுப்பது மரியாதையில்லை என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைபாட்டுச் சான்றிதழ் கைக்கு வரும் முன் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகவே வேண்டாம். வந்த பிறகு அதைவிட நல்ல வழி இல்லை.

நுகர்வோர் ஆணையத்தைச் சிலர் சொல்வதுண்டு. பயணச்சீட்டு வாங்கியவர் நுகர்வோர்தான் என்றாலும், வாகன விபத்துக் காயத்துக்கான இழப்பீட்டைத் தீர்ப்பாயம்தான் விசாரிக்க முடியும் என்று திருவள்ளுவர் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லிவிட்டது. ஆணையத்தில் மனு போட்டு அது தள்ளுபடியாகும்வரை காத்திருந்தால் ஆறு மாதமும் போய்விடும்.

ரயிலில் அடிபட்டவருக்குப் பாதையே வேறு. திருப்பாதிரிப்புலியூரிலோ கடலூர் துறைமுகம் சந்திப்பிலோ ஏறும்போது தவறி விழுந்தவரும்கூட, ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவின் கீழ், யார் தவறு என்ற கேள்வியின்றி இழப்பீடு கேட்கலாம். சென்னையில் உள்ள ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். உயிரிழப்புக்கு 8,00,000 ரூபாய். காயங்களுக்கு அட்டவணைப்படி தொகை. உடலில் பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மனுவைத் தள்ள முடியாது என்பது 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. மருத்துவமனைப் படுக்கையருகே வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களிடம் எதுவும் கொடுக்கக் கூடாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண் என்ற ஒரே தகுதியே போதும் என்பது அக்காவுக்கே வியப்பாக இருந்தது. இழப்பீட்டுத் தொகை அவரவர் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும்படி கணக்கு விவரத்தை மனுவோடு கொடுத்துவிடுவதும் நல்லது.

அக்கா நிலைத்த தொகையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தாவது மாதத்தில் கடலூரில் மனு போட்டார். இப்போது குறைபாட்டுச் சான்றிதழ் வந்துவிட்டது. அடுத்த மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்பச் சொல்லி விண்ணப்பித்திருக்கிறோம். எந்தத் தொகைக்குக் கீழே போனால் எழுந்து வந்துவிடுவது என்பதை அவர் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், இன்னும் சரியாக மடங்காத விரல்களால், தாமே எழுதி வைத்திருக்கிறார்.